இரண்டு பேருக்குக் குறையாமல்

ஒருவருக்கு மட்டும் வாத்துக் குழம்பு வைத்தால் கட்டுப்படியாகாது. எங்கள் நாஜு ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். மேசைமேலேயே அடுப்பை வைத்து, பெரிய சட்டியில் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிற பண்டம் அது. கீரையை அள்ளிப் போட்டு, காட்டெள்ளுப் பொடியைத் தாராளமாகத் தூவி, எதிரெதிரே உட்கார்ந்து மாற்றி மாற்றி மொண்டுகொள்ள வேண்டும். தனியாக வருகிறவருக்கு நூடுல்ஸ் கடை இருக்கிறது.

ஆனால் உங்களிடம் மறைப்பானேன். 'இரண்டு பேருக்குக் குறையாமல்' என்ற பலகையை, குக் பியோங்மான் முதல்முறை வந்து சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் எழுதி மாட்டினேன். அதுவரை ஒற்றை ஆளுக்கும் சின்னச் சட்டியில் வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் ரயில் நிலையத்தில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டாள். அன்று சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே இருந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையற்கட்டில் நின்றபடியே சாப்பிட்டுப் பழகியவள். என் கணவர் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். அதனால் அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது.

அடுத்த புதன்கிழமை வந்தவர் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"ரெண்டு பேரா? நான் ஒத்தை ஆளாச்சே, முதலாளியம்மா. மீதியை யாரு திம்பா, என் நிழலா?"

"உக்காருங்க. அந்த இன்னொரு ஆளு நான்னு வச்சுக்கங்க."

"அப்ப பில்லு?"

"பாதிப் பாதி. கால் துண்டு மட்டும் எனக்கு."

சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு புதன்கிழமை மதியமெல்லாம் அப்படியே போயிற்று. குழம்பு கொதிக்கிறவரை ரயில் கதை சொல்வார். கடைசியில் சட்டியடியில் சோற்றைப் போட்டுக் கிளறி, அவர் கிண்ணத்தில் முதலில் வைப்பேன். இதற்குமேல் எங்களுக்குள் ஒன்றுமில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

மியோங்சிம் என்பவள் மொக்போ ஊரிலிருந்து வந்து எங்கள் தெருவில் அழகு நிலையம் திறந்தவள். ஒரு புதன்கிழமை தனியாக வந்து பலகையைப் படித்தாள்.

"இதென்ன அநியாயம், அக்கா? புருஷனைத் துரத்திவிட்டவளுக்கு இந்த ஊர்ல வாத்து கிடையாதா?"

மன்னிக்கச் சொல்லி வாயெடுப்பதற்குள் அவள் குக் பியோங்மான் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் எதிரே போய் உட்கார நான் இன்னும் சமையல் ஏப்ரனைக் கழற்றியிருக்கவில்லை.

"ஐயா, நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு. சேர்ந்தா கணக்கு சரியாப் போச்சு, இல்லையா?"

"வாம்மா, உக்காரு. முதலாளியம்மாவுக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கட்டும்" என்றார் அவர்.

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். விதி நான் எழுதியது. அதன்படிதான் அவர்கள் நடந்தார்கள். குறை சொல்ல இடமில்லை.

"ஒண்ணே ஒண்ணு, அக்கா. வேர்க்கடலை துளி பட்டாலும் எனக்குத் தொண்டை அடைச்சுடும். ஊசி மருந்து பையிலேயே இருக்கு, இருந்தாலும் பாத்துக்கங்க" என்றாள் அவள்.

பார்த்துக்கொண்டேன். அந்த இலையுதிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டேன். முள்ளங்கி கிம்ச்சியை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய் நின்றபடியே சாப்பிட்டேன். குக் தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தார்.

"எப்படி, அக்கா? பத்து வயசு குறைச்சிட்டேனா?" என்று அவள் கேட்டாள்.

"அதுக்கு மேலயே" என்றேன். உண்மையும் அதுதான்.

குளிர் தொடங்கியபோது குக் என்னிடம் வந்து கூச்சத்தோடு சொன்னார். "அடுத்த மாசத்துலேர்ந்து வீட்லயே பொங்கிக்கலாம்ங்கறா. ரெண்டு பேராயிட்டோம்ல."

வாழ்த்துச் சொன்னேன்.

அடுத்த புதன்கிழமை காலையில் வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, மாவாக அரைத்தேன். காட்டெள்ளுப் பொடியோடு கலந்துவிட்டால் நிறத்திலும் வாசனையிலும் வித்தியாசம் தெரியாது. மேலெல்லாம் தடித்துப் போய், பயந்து, மொக்போவுக்கே திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வந்ததும் கோட்டையும் பையையும் வாங்கி மாட்டினேன். வாத்து வாசனை துணியில் ஏறினால் லேசில் போகாது. எல்லாருக்கும் செய்கிறதுதான். சமையற்கட்டுக்குள் மாட்டியது அன்று மட்டும்.

"இன்னிக்குக் கெட்டியா, ருசியா இருக்கு, அக்கா" என்று இரண்டாவது கிண்ணம் மொண்டாள். பிறகு கை கழுத்துக்குப் போனது. "பை" என்றாள். குக்கும் பை எங்கே, பை எங்கே என்று கத்தினார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவருக்கும் ஒரு டம்ளர் வைத்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கேட்டதும் பையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கொடுக்காமல் இருக்கவில்லை.

இழவுச் சாப்பாட்டுக்குப் போனேன். அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே போய் உட்கார்ந்ததும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். துக்கத்தில் இருப்பவர் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

வேர்க்கடலை பற்றி அவள் சொன்னது என் காதில் விழுந்தது என்று அவர் உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். உண்மைதான். தெளிவாகவே விழுந்தது. மற்றவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். ஆனால் காகிதத்தில் மட்டும், விழவில்லை என்று நான் சொன்னதாக எழுதிக்கொள்ளுங்கள். இருவர் சொல்வது முரண்பட்டால் இரண்டு பேரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைத்து விசாரிப்பது உங்கள் வழக்கம் என்றீர்களே. புதன்கிழமை மதியமாக இருந்தால் நல்லது. அவருக்கும் சாப்பிடத் துணை இருக்காது.