இவரை எனக்குத் தெரியும்

"சார், ஒரு ஆள் அவருதான்னு யாரு சொல்லணும்? மெஷினா, நாமளா?"

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டே பழகியவன் நான். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் வரவில்லை. கேட்டவர் இதோ, மாலைக்குள் படமாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் கரையோர மக்கள் மருத்துவமனையின் நிர்வாக அலுவலர், மறைந்த அமுதவள்ளி அம்மையார்.

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் நுஃமான் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் சகோதரி ஜெப்சி அவர்களே, திருப்புல்லாணியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவர் சேதுராமன் அவர்களே, தங்கச்சிமடத்தின் படகுத் தொழிலாளர்களே, கடல்பாசி எடுக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் இந்த மருத்துவமனை நிர்வாகக் குழுவின் செயலாளர் வேதநாயகத்தின் வணக்கம். கடைசி வரிசையில் தூணோரம் நிற்கும் தம்பி டேவிட்ராஜ் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று இந்த ஒலிபெருக்கி முன் வந்தேன். ஆனால் அதற்கு முன் அம்மையாரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு மருத்துவமனை எதனால் நிற்கிறது? மருத்துவரால் என்பீர்கள். மருந்தால் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு நோயாளிக்குக் காப்பீட்டில் சிகிச்சை கொடுக்கிறோம். காகிதத்தில் ஒரு குறை என்று காப்பீட்டு நிறுவனம் அந்தக் கோரிக்கையைத் திருப்பி அனுப்புகிறது. இப்படிப் பத்துத் திரும்பினால் செவிலியருக்கு அந்த மாதச் சம்பளம் தள்ளிப்போகிறது. இரண்டு முறை தள்ளிப்போனால் அவர் மதுரைக்குப் போய்விடுகிறார். அவர் போனால் ஒரு வார்டைப் பூட்டுகிறோம். மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது! இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எப்போது விடும் என்று இந்தத் தீவில் அறிந்திருந்த ஒரே ஆள் அமுதவள்ளி அம்மையார்.

அவர் கடற்கரையில் பிறந்தவர் இல்லை. வயலைப் பார்த்து வளர்ந்தவர். ஆனால் செவிலியர் பணிப்பட்டியலை அவர் கடலைப் பார்த்துத்தான் போட்டார். படகுகள் கடலுக்குப் போன மறுநாள் காலையில்தான் கயிற்றில் விரல் நசுங்கியவர்களும் திருக்கை மீன் முள் குத்தியவர்களும் நம் வாசலுக்கு வருகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு ஞாயிறு, திங்கள் எல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் மீன்துறை அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, இன்று எத்தனை படகு என்று கேட்பார்.

முதல் நாள் அங்கிருந்தவர், "ஒங்க படகு நம்பரச் சொல்லுங்கம்மா" என்றாராம்.

"எனக்குப் படகு இல்லண்ணே. முப்பது கட்டிலுதான் இருக்கு. அதுக்குத்தான் கேக்குறேன்."

சகோதரி ஜெப்சி இப்போது சிரிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். "அக்கா, எனக்குச் செவ்வாக்கிழம லீவு வேணும்" என்று அவர் கேட்டபோது, "காத்து அடிச்சா எடுத்துக்க, அடிக்கலன்னா புதன்கிழம எடுத்துக்க" என்று சொன்னவர் அம்மையார். "லீவு குடுக்குறது நீங்களா, கடலாக்கா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுவோம்" என்று பதில் வந்ததாம். மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையில் நிற்கும்போது, ஆண்டு முழுவதும் தள்ளிப்போட்ட குடலிறக்க அறுவைகளையெல்லாம் வரிசையாக வைத்து முடித்துவிடுவார். ஆள் வீணில்லை, கட்டில் வீணில்லை. பூட்டியிருந்த வார்டு திறந்தது அப்படித்தான்.

அன்பர்களே, இது வரைக்கும் சொன்னது எளிது. இனிச் சொல்வது எளிதில்லை.

ஏழாண்டுகளுக்கு முன்பு, நான் சொன்னேனே, அந்தச் சங்கிலி அறுந்தது. கைரேகை சரியாகப் பதியவில்லை என்று கோரிக்கைகள் திரும்பின. மூன்று செவிலியர் போனார்கள். நிர்வாகக் குழு கூடி ஒரு விதி போட்டது. கவுண்டர் கண்ணாடியில் அது ஒட்டப்பட்டது: கைரேகை உறுதியான பின்பே படுக்கை. அந்த விதிக்குக் காரணம் இருந்தது. நல்ல காரணம். அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. கெட்ட எண்ணத்தோடு போட்ட விதியாக இருந்தால் மறந்திருப்பேன்.

அடுத்த ஆண்டு ஒரு காலையில் யாகப்பம்மாள் வந்தார். பாசி எடுப்பவர். ஐம்பத்தெட்டு வயது. நெஞ்சு எரிகிறது, வாய்வாக இருக்கும் என்றார். காப்பீட்டு அட்டை கையில் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் அமுதவள்ளி. அப்போது அவர் அங்கே எழுத்தர். இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் தினமும் வருகிறவர்கள். இறங்கும்போது பையைப் பிடித்துக் கொடுத்துக்கொள்கிறவர்கள்.

பெருவிரலை எந்திரத்தில் வைத்தார் யாகப்பம்மாள். ஒத்துப்போகவில்லை என்றது. மறுபடி வைத்தார். ஒத்துப்போகவில்லை.

"கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா."

சோப்புப் போட்டுக் கழுவி வந்து வைத்தார். இடது கை வைத்தார். பாறையில் ஒட்டிய பாசியை விரலில் துணி சுற்றிக்கொண்டு நாற்பது ஆண்டுகள் பறித்த கை அது. அதில் கோடு எங்கே இருக்கும்?

"ஏம்மா, நான் யாகப்பம்மா இல்லேன்னா பின்ன யாரும்மா?" என்று சிரித்தாராம். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்களாம்.

அமுதவள்ளி கண்ணாடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தார். அட்டையில் மகன் பெயரும் இருக்கிறது, மகன் வந்து கை வைத்தால் போதும் என்றார். மகன் கடலில் இருந்தார். "அவன் கரைக்கு வந்ததும் கூட்டிக்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு யாகப்பம்மாள் நடந்து போனார்.

மறுநாள் காலை மகன் கரைக்கு வந்தபோது வீட்டு வாசலில் இழவுக்குக் கூடிய கூட்டம் நின்றது.

அந்த மகன் கவுண்டருக்கு வந்து கேட்டதை இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். "எங்கம்மா யாருன்னு மெஷினுக்குத் தெரியல, சரி. ஒனக்குமா தெரியல? தெனமும் ஒண்ணா வந்த ஒனக்குமா தெரியல?" அமுதவள்ளி அந்தக் காகிதத்தைக் கைகாட்டவில்லை. அதன் பிறகு சந்தையில் அவரைக் கைரேகைக்காரி என்று அழைத்தார்கள். ஷேர் ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அந்தக் காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மேசை மேல் வைத்தார். நான் தொடக்கத்தில் சொன்ன கேள்வியைக் கேட்டார்.

ஏன் என் வீட்டுக்கு வந்தார்? டேவிட்ராஜ் தம்பி, இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். குழுவில் முன்மொழிந்தவனும் நான். காகிதத்தில் இருந்தது என் கையெழுத்து. உங்கள் தாயைத் திருப்பி அனுப்பியது என் வரி. ஆறு ஆண்டுகள் நீங்கள் முகம் கொடுக்காமல் போனது அமுதவள்ளி அம்மையாரிடம். அந்தப் பழியில் எனக்கு உரியதை அவர் ஒரு நாளும் எனக்குத் தரவில்லை, நானும் ஒரு நாளும் கேட்டு வாங்கவில்லை. இதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் அது நியாயம்தான். போனாலும் ஒன்று நினைவில் வையுங்கள். உங்கள் கேள்வியை அவர் கடைசி நாள் வரை கீழே வைக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். எந்திரம் மறுத்த ஒவ்வொருவருக்கும் முதலில் படுக்கை, பிறகு கடிதம். "இவரை எனக்குத் தெரியும். இவர் இன்னார்தான். இதற்கு நான் பொறுப்பு." கீழே கையெழுத்து. எழுதுவது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காக விடுமுறை நாளெல்லாம் கரைக்குப் போய் முகம் பழகினார். பாசிக்காரப் பெண்கள் முதலில் முகம் திருப்பினார்கள். அவர் மறு வாரமும் போனார். அதற்கு மறு வாரமும் போனார். அண்ணன் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தம்பியிடம், "ஏந்தம்பி, மீசைய எடுத்துட்டா நீ அண்ணனாயிருவியா? ஒங்க அண்ணனுக்குக் காதுல தழும்பு உண்டு" என்றாராம். திட்டிவிட்டு, அந்தத் தம்பிக்கே புது அட்டைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வைத்தியமும் பார்க்க வைத்தார்.

எல்லாக் கடிதத்தையும் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை. சில திரும்பின. அப்போது நான் என்ன செய்தேன்? வெட்கத்தோடு சொல்கிறேன், அவரிடம் விளக்கம் கேட்டு எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எனக்குத் தெரிந்தவரை எனக்குத் தெரியும் என்று எழுதினேன்." திரும்பியவற்றுக்காகப் படமும் காகிதமும் சுமந்து மதுரைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அலைந்து, பெரும்பாலானவற்றை மீட்டு வந்தார். மீட்க முடியாததைப் பணிப்பட்டியலில் மிச்சம் பிடித்தார். கடலைப் பார்த்துப் போட்ட பட்டியல் என்று சிரித்தோமே, அது எதற்காகப் பிறந்தது என்று இப்போது புரிகிறதா? அந்தத் திறமை கண்டுதான் குழு அவரை நிர்வாக அலுவலர் ஆக்கியது. அது எதிலிருந்து வந்த திறமை என்று குழுவில் எனக்கு மட்டும் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கவுண்டர் கணினியைத் திறந்தால் முதல் வரியில் இன்றும் ஒரு பெயர் வருகிறது. யாகப்பம்மாள், வயது ஐம்பத்தெட்டு. பக்கத்தில் சிவப்பு எழுத்து: கைரேகை ஒத்துப்போகவில்லை, மீண்டும் முயற்சிக்கவும். வயது ஏறவே இல்லை. தலைமை அலுவலகத்தில் சொல்லி அழித்துவிடலாம் என்று கணினி பார்க்க வந்தவர் சொன்னார். "இருக்கட்டும் தம்பி" என்றார் அம்மையார். தினமும் காலையில் அந்த வரியைப் பார்ப்பார். எந்திரத்தின் கண்ணாடியைச் சேலை முந்தானையால் துடைப்பார். பிறகு வாசலைப் பார்ப்பார்.

"யாரக்கா பாக்குறீங்க?" என்று ஜெப்சி ஒருநாள் கேட்டிருக்கிறார்.

"வாரேன்னு சொல்லிட்டுப் போனாங்கல்ல."

அவ்வளவுதான் பதில்.

அம்மையார் ஊருக்குப் போயிருந்தபோது திருப்புல்லாணி வீட்டில் மாரடைப்பில் போன மறுநாள், ஜெப்சி என்னை அழைத்தார். கடிதங்களை அனுப்பும் பக்கம் திறக்கவில்லை, பொறுப்பு அலுவலரின் பெருவிரல் வேண்டும் என்கிறது என்றார். நான் போய்ப் பார்த்தேன். மேல் வரியில் யாகப்பம்மாளைக் கேட்கிறது. கீழ் வரியில் அமுதவள்ளியைக் கேட்கிறது. இருவரிடமும் ஒரே சொல்: மீண்டும் முயற்சிக்கவும். என்னை அறியாமல் நானும் வாசலைப் பார்த்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் முன்வரவில்லை. கோரிக்கை திரும்பினால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். யாருக்குத்தான் பயம் இருக்காது? ஆனால் யாரும் ஏற்காவிட்டால் என்ன ஆகும்? கடிதம் நிற்கும். என் பழைய காகிதம் ஒட்டாமலே மறுபடி கண்ணாடிக்கு வந்துவிடும். விடலாமா அன்பர்களே? விடலாமா?

ஆகவே போன புதன்கிழமை நான் என் பெயரைப் பதியப் போனேன். பெருவிரலை வைத்தேன். ஒத்துப்போகவில்லை என்றது! சுண்ணக்கட்டி தேய்த்ததோ, வயதோ, தெரியவில்லை. மறுபடி வைத்தேன். மறுபடியும் இல்லை.

"சார், கைய நல்லாத் தொடச்சிட்டு வைங்க" என்றார் ஜெப்சி. சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் வேதநாயகம் இல்லையென்றால் பின்னே யார்? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நெஞ்சு எரியவில்லை. எரிந்திருந்தால்? மருத்துவர் நுஃமான் அவர்கள் ஒரு தாளை எடுத்தார். "இவரை எனக்குத் தெரியும்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரியால் நான் நானானேன். அம்மையாரின் கேள்விக்கு ஆறு ஆண்டுகள் தாமதமாக எனக்கு விடை கிடைத்தது. நாமதான் சொல்லணும் அம்மா. நாமதான் சொல்லணும்.

சேதுராமன் அவர்களே, உங்கள் மனைவியின் வேலையை நான் முழுவதும் செய்ய முடியாது. என்னிடம் படித்தவர்களை எனக்குத் தெரியும்; அவருக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. ஆனால் கடிதம் நிற்காது. வெள்ளிக்கிழமை குழு ஒப்புக்கொண்டாலும் முகம் சுளித்தாலும் என் கையெழுத்து இருக்கும். விடுமுறை நாளில் நான் கரைக்கு வருவேன். தாய்மார்களே, என்னைப் பார்த்து முகம் திருப்பினால் மறு வாரமும் வருவேன். அந்த முதல் வரியை அழிக்க மாட்டோம். காலையில் எந்திரத்தைத் துடைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. விரலுக்குப் பதிலாகக் கண்ணைப் பதிந்து வைக்கும் வசதி இப்போது நம் கவுண்டரில் வந்திருக்கிறது. அம்மையார் கடைசியாக வாங்கி வைத்துவிட்டுப் போனது அதுதான். மருத்துவர் எழுதிய தாளைக் காட்டி என் கண்ணையும் அதில்தான் பதிந்தேன். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டில் கயிறு இழுக்கிறவர், பாசி எடுக்கிறவர், யாராக இருந்தாலும், அவருடைய வலது கைப் பெருவிரலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடு தெரியவில்லை என்றால், உடம்புக்கு ஒன்றும் இல்லாத இப்போதே, நாளைக் காலை அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.