சிவப்பு இறக்கை

பிளாஸ்டிக் தாளின் மேல் பெயிண்ட் லேசில் ஒட்டாது, ஐயா. நைசான உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்துவிட்டு மெல்லிசாக அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் உரிந்து வந்துவிடும்.

என் பெயர் உபகாரசாமி. சேலத்தில் லாரிகளுக்குப் பெயர் எழுதுகிறவன். மில்லில் வேலை பார்க்கும் அற்புதராஜும் நானும் இரண்டு வருஷமாகச் சேர்ந்து ஒரு பொம்மை விமானம் செய்தோம். பொம்மை என்றாலும் நிஜ என்ஜின். நடுவில் ஒருவர் நின்று இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, அது அவரைச் சுற்றிப் பறக்கும். இறக்கைக்கு அவன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பிளாஸ்டிக் தாள். இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சுருங்கி மரத்தோடு இறுகிவிடும்.

எண்பத்து நான்கில் பத்திரிகையில் படம் வந்தது. அவனும் விமானமும் மட்டும்.

"நீ பெயிண்டு தானடா அடிச்சே" என்று சிரித்தான்.

இந்த வருஷம் கோவில் திருவிழாவுக்காக இறக்கையைச் சிவப்பாக்கச் சொன்னான். நான்கு நாள் என்னிடம் இருந்தது. கம்பிகளை மாட்டும் பலகை இறக்கைக்குள் இருக்கிறது. தாளை உரித்து, பலகையை முக்கால் பங்கு அறுத்தேன். பறக்கவிடும் முன் அவன் கம்பியை இழுத்துப் பார்ப்பான். அதற்குத் தாங்கும் அளவு மிச்சம் வைத்தேன். தாளைத் திரும்ப ஒட்டியதில் கோடு தெரிந்தது. அதற்குத்தான் இரண்டு பூச்சு.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் மட்டுமே செய்தான் என்று ஊர் சொல்லும்படி இன்னொன்றும் நடக்கட்டும் என்று நினைத்தேன்.

காலைப் பூசை முடிந்ததும் மைதானத்தில் கூட்டம். மேற்குக் காற்று. காற்று தள்ளும் பக்கம் வரும்போதுதான் கம்பி அதிகம் இழுபடும். அங்கே பிய்த்துக்கொண்டால் விமானம் வடகிழக்கு மூலைக்குப் பாயும்.

அவன் மனைவி வேளாங்கண்ணி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, எங்க நின்னா நல்லாத் தெரியுங்க?"

"வடகிழக்கு மூலைக்குப் போம்மா. வெயிலும் கண்ணுல அடிக்காது."

அற்புதராஜ் நடுவில் நின்று பறக்கவிட்டான். ஒன்பதாவது சுற்றில் பலகை பிய்ந்தது. விமானம் அவள் கழுத்தில் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்து அற்புதராஜ் என் தோளில் சாய்ந்து, "நாந்தாண்டா அவளக் கொன்னுட்டேன்" என்று அழுதான். நான் மறுக்கவில்லை.

பலகையில் ரம்பம் பட்ட தடத்தை நீங்கள் பார்த்துவிட்டதால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டது நன்றாகத் தெரியும் இடத்தை. அங்கிருந்து நன்றாகத்தான் தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொல்லவில்லை.