ஒட்டி மறைத்த விளக்கு

பேய்க்கு இருட்டுதான் வேணும்னு யார் சொன்னது? இது மத்தியானம் ரெண்டு மணிக்கு நடந்தது. என் தோழியோட நாத்தனாருக்கு. கொஞ்சம் நெருங்கி உட்காருங்க... சத்தமாச் சொல்லுற கதை இல்லை.

ஈ காக்கை இல்லாத புறவழிச்சாலை. புதுக் கார். தனியாக ஓட்டிக்கொண்டிருந்தாள். டிங்... என்று ஒரு சத்தம். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஆள், அவன் முன்னால் ஒரு பந்து. ஏர்பேக் விளக்கு.

அவள் காரை ஓரங்கட்டினாள்.

பழைய காரிலும் இதே விளக்கு எரிந்தது. மெக்கானிக் அன்றே சொன்னார்: "இது எரிஞ்சா, மோதுறப்போ பை விரியும்னு நம்ப முடியாதும்மா. வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க." அவள் விடவில்லை. காரை ஓரகத்திக்கு விற்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. கொழுந்தன் பெண்டாட்டிதானே, என்ன கேட்டுவிடப் போகிறாள்? நகத்தளவு கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து... விளக்கின் மேல் ஒட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குல்லக்கா?"

"உனக்குப் போய் ஓட்டை வண்டியைக் குடுப்பேனா? கண்ணை மூடிட்டு ஓட்டுடி."

மூன்றே வாரம். நின்றிருந்த லாரியின் பின்னால்... பை விரியவில்லை. நொறுங்கிய காரில் டேப்பை யார் தேடினார்கள்? சாவு வீட்டில் எல்லோரையும்விட உரக்க அழுதவள் இவள்தான்.

இப்போது இந்த விளக்கு. நேரே மெக்கானிக்கிடம் போனாள். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தவர் சிரித்தார். "விளக்கே எரியலையேம்மா!" அவள் கண்ணுக்கு மட்டும்... செக்கச்செவேலென்று.

பத்து நாள். தினமும் அதே ரெண்டு மணி, அதே டிங். கூடவே, அவள் பூசாத, ஓரகத்தி பூசும் முகப்பவுடரின் வாசனை.

பதினோராவது நாள் கொழுந்தன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"தம்பி... அந்தக் கார்ல..."

"திரும்பவும் எதுக்கு அண்ணி? அதான் போன வாரமே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே. டேப் ஒட்டினது வரைக்கும்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மன்னிக்க முடியலை. ஆனா நீங்களா வந்து ஒத்துக்கிட்டீங்க பாருங்க... அதுக்காகத்தான் கதவைத் திறந்தேன்."

போன வாரம் அவள் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் தன்னிடம் இல்லாத தைரியத்துக்குக் கிடைத்த மரியாதை... அதை விட மனசு வரவில்லை. தலையை ஆட்டினாள். ஆட்டும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன் அண்ணி," என்றான். "எனக்குச் சுகர்னு அவ சர்க்கரை டப்பாவை எங்கேயோ ஒளிச்சு வச்சிருந்தா. அவ போனதிலிருந்து வீடு பூராத் தேடிட்டேன், கிடைக்கலை. அன்னிக்கு நீங்க நேரா உள்ளே போய் அதை எடுத்து, அரை ஸ்பூன் போட்டு எனக்கு டீ குடுத்தீங்களே... இடம் எப்படித் தெரிஞ்சது?"