மூன்றாம் பெட்டியில் சைலஸுக்குக் கிடைக்காத முறை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் ஏசுபாதம் அவர்களே, ஜெபித்துத் தொடங்கிவைத்த போதகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சைலஸ் அண்ணனின் துணைவியார் ஈவ்லின் அக்கா அவர்களே, மகள் நிக்கோல் அவர்களே, இன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கும் ரயில் மன்றத்துத் தோழர்களே, பாலகாட் சுரங்கப் பகுதியிலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் டைட்டஸ். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். பதினான்கு வருடம் சைலஸ் அண்ணனோடு பெங்களூர் போகும் காலை ரயிலில் போய் வந்தவன். அவர் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் அழுதீர்கள். நான் என் செருப்பு வார் அறுந்துபோனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று நடந்ததில் எனக்கு நினைவிருப்பது அந்த வார் மட்டும்தான். ஆகையால் உருக்கமாகப் பேசுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினான்கு வருடத்தில் அந்த மனிதர் ஒரே ஒரு தடவை பேசுவதற்கு இடம் கேட்டார். கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவன் நான். நான் கொடுக்கவில்லை.

ரயில் மன்றம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். நம் தங்கச் சுரங்க ஊரில் பேசத் தெரியாதவர் யாராவது உண்டா? டீக்கடையில் விட்டால் மூன்று பாஷையில் சண்டை போடுவோம்! ஆனால் பெங்களூரில் ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று இங்கிலீஷில் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் காலை வண்டியின் மூன்றாம் பெட்டியில் சைலஸ் அண்ணன் இந்த மன்றத்தை ஆரம்பித்தார். கட்டணம் கிடையாது, மேடை கிடையாது. பேச வேண்டியவர் எழுந்து நிற்க வேண்டும். ஒரு ஸ்டேஷனில் வண்டி கிளம்பும்போது தொடங்கி, அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் முடிக்க வேண்டும். யாருக்கு எந்த ஸ்டேஷன் என்று பட்டியல் போடுவது என் வேலை. கேட்பது அவர் வேலை.

எப்படிக் கேட்பார்! போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவார். பேசுகிறவரின் முகத்தையே பார்ப்பார். முடித்ததும் கை தட்டமாட்டார், குறை சொல்லமாட்டார். "எனக்குக் கேட்டது இது. நீங்க சொல்ல வந்தது இதானா?" என்று தான் கேட்டதை ஒரே வரியில் திருப்பிச் சொல்வார். பத்துக்கு எட்டுத் தடவை, நாம் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. அந்த ஒரு வரியில்தான் நாங்கள் எல்லோரும் பேசக் கற்றோம்.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்? அவருடைய அப்பா சுரங்கத்தில் டிரில் மிஷின் ஓட்டி இரண்டு காதும் போனவர். வீட்டுக்கு யார் வந்து என்ன பேசினாலும், அதை ஒரே வரியாகச் சுருக்கி அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்னவர் சைலஸ். மருந்து குடோனில் ஸ்டோர் கீப்பர் ஆன பிறகும், தலை நரைத்த பிறகும், அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

தலைவர் ஐயா மேடையிலேயே இருக்கிறார். ஏசுபாதம் ஐயா, உங்கள் லைன் வீடுகளுக்குக் குடிதண்ணீர் வரவில்லை என்று அதிகாரி முன்னால் கன்னடத்தில் பேச வேண்டும் என்று வந்தீர்கள். ஒரே பேச்சைப் பத்தொன்பது நாள் பேசினீர்கள். பத்தொன்பது நாளும் அவர் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். பதினெட்டு நாளும் அவர் திருப்பிச் சொன்னது, "பெரியவருக்குக் கோவம்." பத்தொன்பதாம் நாள்தான், "நாலு நாளா தண்ணி வரல, ஒரு லாரி அனுப்புங்க." லாரி வந்தது. சரிதானே ஐயா?

வினோலியா அந்தத் தூண் பக்கத்தில் நிற்கிறாள். ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலைக்காக இரண்டு மாதம் ரயிலில் பயிற்சி எடுத்தவள். ரயில் இரைச்சலிலேயே பேசிப் பழகிய குரல்! இன்டர்வியூ நடந்த ஏசி அறையில் அவள் தன் பெயரைச் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாராம். நடுவில் வெளியே ஏதோ வண்டி பிரேக் போட்ட சத்தம் கேட்டதும், ஸ்டேஷன் வந்துவிட்டது என்று பழக்கதோஷத்தில் பாதி வாக்கியத்தில் "நன்றி" சொல்லி முடித்துவிட்டாள். வேலை கிடைக்கவில்லை. மறுநாள், "உங்க மன்றத்தால கெட்டேன்" என்று பெட்டியே அதிரக் கத்தினாள். சைலஸ் அண்ணன் கேட்டுக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. நாளைலேருந்து பங்காருபேட்டைல வண்டி நிக்கிற நேரம் ஒனக்கு" என்றார். சத்தமில்லாத அந்த நேரத்தில் தாழ்ந்த குரலில் பேசப் பழகினாள். இன்றைக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறாள். சிரிக்கலாம், தப்பில்லை. அவரும் சிரித்தார்.

இனி என் விஷயம்.

அவர் இறப்பதற்கு ஆறு நாள் முன்னால், ஒரு திங்கட்கிழமை. இறங்கும்போது என் தோளைத் தொட்டார். "டைட்டஸு, நாளைக்கு டேக்கல் ஸ்டேஷன் தாண்டினதும் எனக்கு ஒரு டர்ன் போடு. கொஞ்சம் பேசணும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ இன்னாண்ணே பேசப் போற? நீ கேளு, அதான் ஒனக்கு நல்லா வருது" என்றேன். பெட்டியே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

மறுநாள் டேக்கலிலிருந்து மாலூர் வரை பேசியது யார்? நான்! எங்கள் சங்க விழாவுக்கு ஒரு வரவேற்புரை. அவருக்குப் போட்டிருக்க வேண்டிய நேரத்தில் என் பெயரை நானே எழுதிக்கொண்டேன். அவர் போனை அணைத்தார், என் முகத்தைப் பார்த்தார், முழுவதும் கேட்டார். "எனக்குக் கேட்டது, டைட்டஸுக்கு மாலை வேணும்" என்றார். எல்லோரும் மறுபடி சிரித்தோம். வியாழக்கிழமை அவர் வண்டிக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு.

என்ன பேச நினைத்தார்? நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல நினைத்தாரா? மன்றத்தை விட்டுப் போகிறேன் என்றா? எங்களில் யார்மேலாவது மனத்தாங்கலா? எனக்குத் தெரியாது. பதினோரு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். அழுகை வராமல் யோசனை மட்டும் வருகிறது.

இது போதாதென்று இன்னொன்றும் செய்திருக்கிறேன். இந்தக் கூட்டத்துக்கும் பட்டியல் போட்டவன் நானே. ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், வாசலில் ஈவ்லின் அக்கா என்னிடம் வந்தார்கள். "தம்பி, லிஸ்ட்ல என் பேரு இல்லியே. நான் ரெண்டு வார்த்த பேசணும்" என்றார்கள். நான் சொன்னேன்: "நீங்க இன்னாக்கா பேசப் போறீங்க, அழுதுடுவீங்க. சும்மா ஒக்காருங்க." அக்கா போய் உட்கார்ந்தார்கள். கையில் ஒரு தாள் மடித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் படியில் ஏறும்போதுதான், அதே வார்த்தையை அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. நான் வெட்கப்படுகிறேன்.

மன்றம் நிற்காது. சைலஸ் அண்ணன் தொடங்கிய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். என் உறுதி இது. நாளைக் காலையிலிருந்து நான் அந்தப் பெட்டியில் பேசமாட்டேன். அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து கேட்பேன். அவர் அளவுக்கு வராது. வருகிற வரைக்கும் கேட்பேன்.

தலைவர் ஐயா, எனக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். என் நன்றியுரையை வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். எல்லோரும் தயவுசெய்து போனை அணைத்துப் பைக்குள் போடுங்கள்.

ஈவ்லின் அக்கா, மேல வாங்க. அழுதாலும் பரவாயில்ல, எவ்ளோ நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் கீழ ஒக்காந்து கேக்கறேன்.