இதரம்மாவைத் தேடிப் போன கதை

அவைக்குத் தலைமை ஏற்று, இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று மேசை விரிப்பின் நுனியைத் திருகியபடி வீற்றிருக்கும் நகரசபைத் தலைவர் அவர்களே! தலைவருக்கு முன்பாகவே வியர்க்கத் தொடங்கிவிட்ட உறுப்பினர் பெருமக்களே! முழங்கால் வலியை முறைத்து விரட்டிவிட்டு முன்வரிசையைப் பிடித்த பெரியோர்களே! கடையைப் பாதியில் மூடி, கால் கழுவி, தலை வாரி, களையாக வந்திருக்கும் என் சந்தைத் தாய்மார்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

நகரசபைக் கூட்டத்தைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க நாற்பது நாற்காலி போட்ட மண்டபத்தை இன்று திறக்கிறோம். திறந்த கூட்டம் என்றால் என்ன என்று பேசச் சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள், மீன் வெட்டுகிறவள். ஒரு மீனைப் பார்த்தவுடன் அது நல்ல மீனா என்று சொல்லிவிட முடியாது, வயிற்றைக் கீறினால்தான் உண்மை வெளியே வரும் என்ற அளவுக்குத்தான் என் படிப்பு. பயப்படாதீர்கள் தலைவரே, கத்தியைக் கடையில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை. சந்தையில் பெண்களுக்கென்று இருந்த ஒரே கழிப்பறையில் ஒரு பூட்டு தொங்கியது. புத்தம் புதுப் பூட்டு, பளபளக்கும் பூட்டு, பார்த்தாலே பகீரென்னும் பூட்டு! நாங்கள் அறுபது பெண்கள். விடியற்காலை வந்தால் பொழுது சாயும்போதுதான் வீடு. இடையில் எங்கே போவோம்? ஆண்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்குச் சுவர் இருக்கிறது, மரம் இருக்கிறது, நின்ற வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. இந்த நகரமே உங்களுக்குக் கழிப்பறைதான். எங்களுக்கு?

எனக்குப் பக்கத்தில் முட்டைக் கடை வைத்திருப்பவள் என் நாத்தனார். பூட்டு விழுந்த மறுநாளே அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். காலையில் ஒரு மடக்கு, அவ்வளவுதான். வீடு திரும்பும்வரை நாக்கை நனைக்க மாட்டாள். மூன்றாவது வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் கண்டு முட்டைத் தட்டின் மேலேயே சாய்ந்தாள். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பினார். ஒரு நாள் படுத்தாள், மறுநாள் கடைக்கு வந்தாள், மறுபடியும் குடிக்கவில்லை. ஏன்டி என்று கேட்டேன்.

"குடிச்சா எங்க அண்ணி போறது?" என்றாள்.

வெட்டிக்கொண்டிருந்த மீனை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

நேரே சந்தைக் காவலாளியிடம் போனேன். பூட்டியது யார்? அவருக்குத் தெரியாதாம். எல்லாம் 'இதர'வில் முடிவாகிவிட்டதாம்.

இதர! அந்தப் பெயர் எனக்குத் தெரியும். நகரசபை வாசலில் மாதாமாதம் ஒட்டும் கூட்ட நோட்டீஸை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒன்று, குடிநீர். இரண்டு, தெருவிளக்கு. மூன்று, சாக்கடை. கடைசியில், மாதம் தவறாமல், இதர. யாரோ ஒரு பெரிய இடத்து அம்மா, எல்லோரும் பேசி முடித்தபின் வந்து தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டு போகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பின்வரிசையில் விழுந்து விழுந்து சிரிக்கும் டிரைவர் தம்பி, உனக்கு அர்த்தம் தெரியுமா? தெரியாதா? அப்படியானால் வாயைப் பொத்திக்கொண்டு சிரி.

அந்த இதரம்மாவைப் பார்த்து, நீயும் பெண்தானே தாயே என்று நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று, அடுத்த கூட்ட நாளன்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகரசபை மாடி ஏறினேன். கூட்ட அறை வாசலில் கோப்புகளோடு எழுத்தர் அண்ணன். யாரைப் பார்க்க வேண்டும் என்றார். "இதரம்மாவைப் பாக்கணுங்க" என்றேன். மனிதர் பேனாவைத் தவறவிட்டார். எடுக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆனது; முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். இதர என்பது ஆள் இல்லையாம். மற்ற விஷயங்கள் என்று அர்த்தமாம். தலைப்புப் போடாத எல்லாவற்றையும் அதில் தள்ளி, எழுந்திருக்கும் நேரத்தில் முடித்துவிடுவார்களாம். போன மாதம் முடித்ததை இன்றைக்கு வாசித்து உறுதி செய்ய வேண்டுமாம். சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது திறந்த கூட்டம்மா. யார் வேணும்னாலும் உள்ள வந்து உக்காந்து பாக்கலாம். என்ன, இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல."

போனோம். உட்கார நாற்காலி இல்லை. அலமாரியை ஒட்டி நின்றோம். உள்ளே இருந்த ஏழு பேரும் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, குளியலறைக்குள் ஆள் நுழைந்தது போல! வழக்கமாக 'வாசித்ததாக வைத்துக்கொள்வோம்' என்று கை தூக்கிவிடுவார்களாம். அன்று எங்களைப் பார்த்ததும் தலைவர் தொண்டையைச் செருமி, வாசிக்கச் சொன்னார். கவனியுங்கள் தாய்மார்களே: நாங்கள் பேசவில்லை, கேட்கவில்லை, நின்றோம். நின்றதற்கே வாசித்தார்கள்!

எழுத்தர் வாசித்தார்: சந்தையில் பயன்பாடு இல்லாத அறையைப் பழைய கோப்புகள் வைக்க எடுத்துக்கொள்வது. கைகள் பாதி உயர்ந்தன. அப்போது அலமாரிப் பக்கமிருந்து என் நாத்தனார் குரல்.

"அது சும்மா கெடக்கற ரூம் இல்லீங்க. நாங்க அறுபது பேர் போற கக்கூஸுங்க."

பாதி உயர்ந்த கைகள் என்ன ஆயின? ஒன்று தலையைச் சொறிந்தது. ஒன்று மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தது. ஒன்று இல்லாத கொசுவை அடித்தது. தலைவர் மட்டும் கையை மேசைமேல் வைத்து, அந்த இடத்தைப் போய்ப் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். ஒருவரும் இல்லை. "நானும் பாக்கல" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இன்றுவரை அவரைக் கிண்டல் செய்யும்போது கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

இவர்கள் கெட்டவர்களா? இல்லை. பெண்களை வதைக்கத் திட்டம் போட்டார்களா? இல்லவே இல்லை. பார்க்க ஆளில்லாத அறையில் நல்லவர்களுக்கும் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். அதுதான் விஷயம். தீர்மானம் போடுவது அவர்கள் உரிமை. அதைத் திறந்த கண்ணோடு பார்த்து நிற்பது நம் உரிமை. கதவைத் திறந்துவைத்தால் மட்டும் திறந்த கூட்டம் ஆகிவிடுமா? காற்று மட்டும் வந்து போனால் அது திறந்த ஜன்னல்! நாம் வந்து உட்கார்ந்தால்தான் அது கூட்டம்! நாற்பது நாற்காலி நமக்காகக் காத்திருக்கிறது. அதில் தூசி படிந்தால் அந்தத் தூசி நம் முகத்தில் படிந்தது!

அன்றைக்கே தீர்மானம் ரத்தாகி, சாவியைக் கொண்டுவர ஆள் போனது. நாத்தனார் மெல்ல மேசையருகே வந்தாள். தலைவர் முன்னால் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்தது.

"ஐயா, அதை நான் எடுத்துக்கட்டுங்களா?"

அவரே மூடியைத் திறந்து கொடுத்தார். அண்ணாந்து, முழுப் பாட்டிலையும், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். ஏழு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

கேலி செய்வாள் என்று தெரிந்தே ஒலிபெருக்கியைக் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட உறுப்பினர்களுக்கும், வந்தவர்களுக்கும், அடுத்த கூட்டத்துக்கு வரப்போகிறவர்களுக்கும் இரு கை கூப்பி நன்றி சொல்லி அமர்கிறேன். தலைவரே, இனி நீங்கள் தண்ணீர் குடிக்கலாம்.