சமாதானம் செய்துவைத்தவன்

ஏலக்காய் போட்ட டீ எனக்கு இறங்காது இன்ஸ்பெக்டர் மேடம். நாள் முழுக்கக் கடையில் அந்த வாசனையிலேயே கிடக்கிறவனுக்கு வெறும் டீ போதும். போடியில் என்னைப் போன்ற வியாபாரிகள் பலரும் அப்படித்தான்.

என் பெயர் எபினேசர். எங்கள் சபையின் செயலாளர். போதகர் பிரின்ஸை மலைக்கு மாற்றியது பேராயர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கையெழுத்து மட்டும்தான் அவருடையது, யோசனை என்னுடையது. அதை நான் மறைக்கப் போவதில்லை.

லில்லி என் கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். ஒரு மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் மகள் அபிஷா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சபைப் பாட்டுக்குழுவின் பயிற்சி முடிந்த பிறகு போதகர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"எம் புள்ள பொய் சொல்லாது அண்ணாச்சி. நீங்கதேன் கேக்கணும். இல்லாட்டி நான் போலீசுக்குப் போறேன்" என்றாள் லில்லி.

நான் கோபப்படவில்லை. "சபைக் காரியத்தச் சபையிலயே முடிப்போம் ஆத்தா. நாளைக்கு அவளுக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேணாமா?" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் காய் பொறுக்க உட்கார்ந்தாள்.

அன்றே பேராயருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வெளிய தெரிஞ்சிருச்சா?" இல்லை என்றேன். "அப்ப நீங்களே பாத்து முடிச்சிருங்க" என்றார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர்மேல் கசப்பை வைத்துக்கொண்டு, அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு வரக் கூடாது. முதலில் கை கொடுத்துச் சமாதானமாக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், கோயிலை ஒட்டிய அறையில் அம்மாவையும் மகளையும் போதகர் எதிரில் நிறுத்தினேன். அபிஷா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் லில்லியைப் பார்த்தேன். அவளே மகளின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் நீட்டினாள். போதகர் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, "நானும் உன்ன மன்னிச்சிட்டேம்மா" என்றார். நான் ஜெபம் செய்தேன். மனதைத் தொட்ட ஜெபம் என்று போதகரே சொன்னார். பிள்ளை ஆராதனைக்கு நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டது. இத்தனைக்குப் பிறகும் கசப்பு போகவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனாலும் போதகர் இங்கேயே இருந்தால் பேச்சு வளரும். மலைமேல் ஒரு சின்னச் சபை ஆளில்லாமல் கிடந்தது. பொன்னாடை போர்த்தி, பிரியாணி போட்டு, என் ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பினேன். அங்கே பெற்றவர்கள் விடிந்ததும் ஏலக்காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. "சும்மா இருக்காம ஒரு டியூசன் ஆரம்பிங்கய்யா" என்று நான்தான் சொன்னேன். கையில் ஒரு வேலை இருந்தால் மனது அலையாது அல்லவா.

வேலுச்சாமி எங்கள் சபைக்காரர் இல்லை. அந்த மலையில் ஓர் ஏல எஸ்டேட்டில் கூலி வேலை பார்க்கிறவர். இலவச டியூசன் என்று மகள் ரோஜாவை அனுப்பியிருக்கிறார். அவளுக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு நீங்கள் எழுதிவிட்டீர்கள். போன வாரம் அவர் மலையிறங்கி வந்து என் கடை வாசலில் நின்றார். சத்தம் போடவில்லை.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே மொதலாளி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் புள்ளய அனுப்பியிருக்க மாட்டேனே" என்றார்.

சபையின் உள்விவகாரத்தை வெளியாளிடம் எப்படிச் சொல்வது? அதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உள்ளே காய் பொறுக்கிக்கொண்டிருந்த லில்லி எழுந்து வந்து, அவரையும் கூட்டிக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் வலிக்கிறது. அவளுக்கு நான் எவ்வளவு நல்லது செய்திருக்கிறேன்.

அபிஷா சொன்னதை அப்போது நம்பினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நம்பவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊழியக்காரரைச் சந்தேகப்படுகிற ஆள் நான் இல்லை. அதே பாட்டுக்குழுவில் என் பேத்தியும் பாடிக்கொண்டிருந்தாள். லில்லி வந்து சொன்ன அன்று சாயங்காலமே அவளை நிறுத்திவிட்டேன். தொண்டை கட்டியிருக்கிறது என்று போதகருக்குச் சொல்லி அனுப்பினேன்.