அம்புஜத்தின் சீட்டு

சனிக்கிழமை மத்தியானங்களில் சுவரில் ஸ்லைடு போட்டுக் காட்டுவதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை, மணிவாசகம். ஜன்னலுக்குக் கம்பளி மாட்டி, உப்புமாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவன் போய்வந்த இடத்தை நாலு பேர் பார்ப்பதில் என்ன தப்பு? மான்ட்ரியாலில் பாதி வருஷம் பனி. வேறு எதைத்தான் பார்ப்பது.

டாக்டர் ஸ்ரீகுமாரைப் பற்றிச் சங்க மலருக்கு ஒரு பக்கம் அஞ்சலி எழுதித் தரும்படி, செயலாளர் என்ற முறையில் கேட்டிருந்தீர்கள். "கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதானே சார்" என்றீர்கள். வாஸ்தவம். போன செப்டம்பரில், யூட்டா பாலைவனத்துச் செம்மணற்கல் தூண் ஒன்றில் அவனோடு ஏறியவன் நான் ஒருவன்தான். உயிரோடு இறங்கியவனும் நான் ஒருவன்தான். ஒரு பக்கம் போதாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனைப் பாறைக்கு அழைத்துப் போனதே நான். 1969இல், லோரான்சியன் மலையில். முடிச்சு போடக்கூடத் தெரியாமல் வந்தான். மூன்றே வருஷத்தில் முன்னால் ஏறுகிறவன் அவன், கயிறு பிடிக்கிறவன் நான் என்று ஆகிவிட்டது. எனக்கு முழங்கால் சரியில்லை, அதனால்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

கயிறு பிடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஏறுகிறவன் இடுப்பில் கட்டிய கயிறு, அவன் பாறையில் அறைந்துகொண்டே போகும் ஆணிகள் வழியாக வந்து, கீழே இருப்பவன் இடுப்பைச் சுற்றி அவன் கைக்குள் முடியும். அவன் விழுந்தால் இவன் பிடிக்க வேண்டும். இதற்கு மூளை எதற்கு என்பது உங்கள் எல்லோருடைய அபிப்பிராயம்.

போன மார்ச்சில் நோத்ர-டாம்-த-கிரேஸில், என் வீட்டிலேயே, என் புரொஜெக்டரிலேயே ஸ்லைடு காட்டினான். முப்பத்தாறு படம். முப்பத்தைந்தில் அவன். அத்தனையும் நான் எடுத்தவை. மிச்சம் ஒன்று அவன் மேலிருந்து எடுத்தது. அதில் கயிறும் என் கையும் இருந்தன, தலை இல்லை. "இந்தக் கையை நன்னாப் பாத்துக்கோங்கோ. அனந்து சாரோட கை. கயிறு பிடிக்கறதுக்குன்னே பகவான் படைச்சது" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். என் மனைவி கமலினி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நீங்கள் அந்த ஸ்லைடை இன்னொரு தரம் போடச் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் பாலைவனம் போய்ச் சேர்ந்த திங்கட்கிழமை மழை கொட்டியது. பெட்ரோல் போட்ட கடைக்காரர், மூன்று நாள் பாறை காயட்டும், அப்புறம் ஏறுங்கள் என்றார். அவர் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும். பாறையை லாபில் அழுத்தி உடைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மணற்கல் நனைந்தால் பாதி பலம் போய்விடும். மேலே ஒரே நாளில் காய்ந்து ஜம்மென்று நிற்கும். உள்ளே பாலில் தோய்த்த ரஸ்க். ஸ்ரீகுமாருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்க பாறை எக்ஸ்பர்ட் ஆச்சே சார், வெயிட் பண்ணலாமா?" என்று என்னிடம் கேட்டான்.

நான் பாறையைப் பற்றிப் பேசவில்லை. அவன் சட்டைப்பையில் இருந்த சீட்டைக் காட்டினேன்.

அது அவன் மனைவி அம்புஜம் எழுதிக் கொடுத்தது. மெட்ராஸிலிருந்து தபாலில் வரும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, 'புதன், வியாழன் சந்திராஷ்டமம். பாறை கீறை வேண்டாம்' என்று பச்சை மையில் எழுதியிருந்தாள். சந்திரன் ராசிக்கு எட்டில் வந்தால் தொட்ட காரியம் கெடுமாம். ஊரார் கண்ணுக்குள் கத்தி விடுகிற டாக்டர், அந்தச் சீட்டை மடித்து நெஞ்சோடு வைத்திருந்தான். "புதனும் வியாழனும் உனக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை கிளம்பியாகணும். நாளைக்கு விட்டா வேற நாள் ஏது?" என்றேன். படித்தவன் அல்லவா, உடனே ஒத்துக்கொண்டான். எனக்குப் பஞ்சாங்கத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை. முதல் எண்பதடி உயரத்துக்கு அகலமான விரிசல், கையையும் காலையும் செருகி ஏறிவிடலாம். அங்கே ஒரு திட்டு. முன்னால் வந்தவர்கள் ஆழமாக அறைந்துவிட்டுப் போன மூன்று ஆணிகளில் என்னைப் பத்திரமாகக் கட்டிக்கொண்டேன். அவன் அதற்கு மேலே முப்பதடி ஏறி, புதிதாக மூன்று ஆணி அறைந்தான். மணி இரண்டு பத்துக்கு விழுந்தான். மேல் ஆணிகள் இரண்டும் ஈர மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. மூன்றாவது நின்றுவிட்டது. எனக்கு ஏமாற்றம்தான், மறைப்பதற்கில்லை. அதைவிட ஏமாற்றம், என் கை தானாகவே கயிற்றை இறுக்கிப் பிடித்துவிட்டது. பழக்கதோஷம்.

எனக்குப் பத்தடி கீழே தொங்கினான். மூக்குக் கண்ணாடி போயிருந்தது, முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.

"பகவான் படைச்ச கையேதான் சார். அடுத்த ஸ்லைடுல சொல்றேன் பாருங்கோ."

கொஞ்ச நேரம் யோசித்தேன். கோபம் என்று எதுவும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. இன்னும் முப்பது வருஷம், சனிக்கிழமைதோறும், அந்தக் கையைச் சுவரில் பார்த்துக்கொண்டு உப்புமா சாப்பிட வேண்டும் என்று தோன்றியது. கையைத் திறந்தேன்.

அந்த ஊர்க் காவல் அதிகாரி தங்கமான மனிதர். காபி வாங்கிக் கொடுத்தார். கயிறு கையை மீறி ஓடிவிட்டது என்றேன், எழுதிக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் பியர்பொன்ட்ஸில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்புஜம் பஞ்சாங்கத்தோடு வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் அவரைக் கொன்னுட்டேன், அண்ணா. மெட்ராஸ் நேரத்தை அப்படியே எழுதிக் குடுத்துட்டேனே. அந்த ஊர் நேரத்துக்கு மாத்தலையே" என்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பென்சில் கேட்டேன். சந்திராஷ்டமம் மெட்ராஸில் செவ்வாய் இரவு பதினொன்றே முக்காலுக்கு ஆரம்பம். யூட்டா பதினொன்றரை மணி நேரம் பின்னால். அதைக் கழித்தால், அங்கே செவ்வாய் பகல் பன்னிரண்டே கால். அவன் விழுந்தது இரண்டு பத்து. "ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் ஆயிடுத்தும்மா" என்று விடையைத் திருப்பிக் காட்டினேன். கணக்கு சரிதான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கமலினி சொல்கிறாள்.

அதற்காக மனம் இளகி எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன ஞாயிறு நீங்கள் கூட்டிய இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தேன். மூன்று டாக்டர்கள், இரண்டு பேராசிரியர்கள், ஒரு அணைக்கட்டு இன்ஜினியர். ஒருவர் பாக்கியில்லாமல் சந்திரனைப் பற்றியே பேசினீர்கள். "எல்லாம் கிரகம் பண்ற வேலை. அனந்து சார் என்ன பண்ணுவார், பாவம். கயிறுதானே பிடிச்சிக்கிட்டு இருந்தார்" என்று முடித்தவர் நீங்கள்.

சந்திரன் ஒன்றும் செய்யவில்லை, மணிவாசகம். நாளைக் குறித்தவன் நான். பாறை தாங்காது என்று தெரிந்திருந்தவன் நான். பிடித்ததும் நான், விட்டதும் நான். என் சட்டையும் தோல் கையுறையும் இந்த உறையில் இருக்கின்றன. சட்டையின் இடுப்பில் கயிறு ஓடிய தடம் தீய்ந்திருக்கிறது. கையுறையின் உள்ளங்கையில் ஒரு கீறல்கூடக் கிடையாது. நிறுத்தப் பார்த்தவன் கையுறை அப்படி இருக்காது. போலீஸுக்குத் தாராளமாகக் கொடுங்கள், முதலில் அச்சுக்குக் கொடுத்துவிட்டு.

மலரில் என் படம் போடுவதாக இருந்தால் தலையோடு போடுங்கள். அதன் கீழே 'கயிறு பிடித்தவர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.